பந்தயக் காரின் வளைவுப் பிடிப்பும் சஸ்பென்ஷன் சீரமைப்பும்

வளைவில் வேகமாகத் திரும்பும்போது டயர்கள் தரையை நன்கு பற்றும்படி சுருள்வில், ஷாக் அப்சார்பர், ஆன்டி-ரோல் பார், சக்கரச் சாய்வு முதலியவற்றைச் சரிசெய்வது சஸ்பென்ஷன் சீரமைப்பு ஆகும். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் சுமார் 3.7 கி.மீ. நீளமும் 12 வளைவுகளும் கொண்டது. இத்தகைய தடத்தில் வெற்றி பெரும்பாலும் வளைவுகளில்தான் தீர்மானமாகிறது.

வளைவில் சுமை உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. டயரின் மீதுள்ள சுமை இருமடங்கானாலும் பிடிப்பு இருமடங்காவதில்லை. ஆகவே உட்பக்கம் இழக்கும் பிடிப்பை வெளிப்பக்கம் முழுதாக ஈடுசெய்யாது. தஞ்சாவூர்ச் சாய்ந்தாடும் பொம்மை கவிழாதிருக்கக் காரணம், தாழ்ந்த ஈர்ப்பு மையம். காரிலும் ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் சுமைமாற்றம் குறையும்.

சஸ்பென்ஷனைக் கடினமாக்கினாலே பிடிப்பு கூடும் என்பது தவறான எண்ணம். ஆன்டி-ரோல் பார் காரின் சாய்வைக் குறைக்கும். சுமைமாற்றத்தை முன், பின் அச்சுகளுக்கிடையே பங்கிடும். மொத்தச் சுமைமாற்றத்தை அது பெரிதாகக் குறைப்பதில்லை. முன்சக்கரங்கள் வழுக்கி வண்டி வெளிப்புறம் விலகினால் முன்பக்கப் பாரைத் தளர்த்தலாம் அல்லது பின்பக்கப் பாரை இறுக்கலாம். பின்சக்கரங்கள் வழுக்கினால் இதற்கு மாறாகச் செய்ய வேண்டும்.

சக்கரத்தின் மேற்பகுதியைச் சற்று உட்புறம் சாய்த்து வைத்தால், கார் சாயும்போது வெளிப்பக்க டயர் தரையில் தட்டையாகப் படியும். சில சுற்றுகள் ஓட்டியதும் டயரின் உள், நடு, வெளிப் பகுதிகளின் வெப்பத்தை அளந்து இச்சாய்வைச் சரிபார்ப்பர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எதனால் என்ன விளைந்தது என்பது புலப்படும்.

பந்தயத் தடத்துக்கான இந்த அமைப்பு பொதுச் சாலைக்குப் பொருந்தாது. காவிரிப் படுகையின் மேடுபள்ளமான ஆற்றங்கரைச் சாலைகளில் கடினமான சஸ்பென்ஷன் சக்கரத்தைத் துள்ளவைக்கும். தரையை விட்டெழும் டயருக்குப் பிடிப்பே இல்லை.