சட்டென்று அடைக்கும் டையோடு

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ‘4007 குடுங்க’ என்றால், வெள்ளிப் பட்டை போட்ட சின்னக் கறுப்பு உருளைகளைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவார். ‘எஃப்ஆர்107’ என்று கேட்டாலும் அதே உருளை, அதே பட்டைதான். இரண்டும் 1 ஆம்பியர், 1000 வோல்ட் டையோடுகள். மல்டிமீட்டரிலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் எஸ்எம்பிஎஸ் எனப்படும் ஸ்விட்ச் மோடு மின்வழங்கியின் வெளியீட்டுப் பக்கத்தில் எஃப்ஆர்107 இருந்த இடத்தில் 4007-ஐப் பற்றவைத்தால் அது கொதித்துப் பழுதாகும். சமயத்தில் டிரான்சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போகும்.

மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுவது டையோடின் வேலை. விடுவதில் எல்லா டையோடும் கெட்டிதான். அடைப்பதில்தான் தரம் தெரியும். இரவு ரங்கநாதன் தெருக் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கினாலும், உள்ளே புடவை பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம் வெளியேறும்வரை முழுதாக மூட முடியாதல்லவா? டையோடும் அப்படித்தான். அது கடத்தும்போது சிலிக்கானின் சந்திப்பைத் தாண்டி எலக்ட்ரான்களும் துளைகளும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள்) இரு பக்கமும் நிறைந்திருக்கும். மின்னழுத்தம் திசை மாறியதும் அவை வெளியே இழுக்கப்பட வேண்டும், அல்லது ஒன்றோடொன்று சேர்ந்து மறைய வேண்டும். அதுவரை மின்சாரம் தலைகீழாகவும் பாயும்.

வீட்டு மின்சாரத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை. 50 ஹெர்ட்ஸில் திசை மாறுவது 10 மில்லி நொடிக்கு ஒருமுறை. 4007 எடுத்துக்கொள்ளும் சில மைக்ரோ நொடி அதில் தூசு. பல தயாரிப்பாளர்கள் அந்த அளவைத் தகவல் தாளில் போடுவதுகூட இல்லை. எஸ்எம்பிஎஸ் கதை வேறு. நொடிக்கு 65,000 முறை மாறும் சுற்றில் ஒரு சுழற்சியே சுமார் 15 மைக்ரோ நொடிதான். எஃப்ஆர்107 அதிகபட்சம் அரை மைக்ரோ நொடியில் அடைத்துவிடும். இன்னும் வேகமான யுஎஃப்4007-க்கு 75 நானோ நொடி போதும்.

இந்த வேகம் எப்படி வருகிறது? சிலிக்கானுக்குள் தங்கம் அல்லது பிளாட்டின அணுக்களைக் கலக்கிறார்கள்; எலக்ட்ரான் கற்றையால் தாக்கியும் செய்வதுண்டு. எலக்ட்ரானும் துளையும் சீக்கிரம் சேர்ந்து மறைய இவை இடம் கொடுக்கின்றன. (தி. நகரில் எந்தத் தராசிலும் நிற்காத அளவுத் தங்கம்!) விலையும் உண்டு: கடத்தும்போது இழப்பு சற்றுக் கூடும், தங்கம் கலந்ததில் சூடு ஏற ஏறக் கசிவு அதிகரிக்கும், சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் இது சின்ன விஷயமில்லை. ரொம்ப வெடுக்கென்று அடைத்தாலும் தொல்லை. மின்னழுத்தம் துள்ளி எழும், பக்கத்து ஏஎம் ரேடியோ கரகரக்கும். அதனால் வேகமாகவும் மென்மையாகவும் அடைப்பதையே நல்ல டையோடு என்பார்கள்.

இப்படிப்பட்ட வேக டையோடு தேவைப்படும் இடங்கள் யுபிஎஸ், இன்வெர்ட்டர், வெல்டிங் இயந்திரம் என்று நீளும். அண்ணா சாலைக்கு அடியில் ஓடும் மெட்ரோவை எடுத்துக்கொள்ளலாம். மேலே 25,000 வோல்ட் கம்பி. அதிலிருந்து மோட்டாருக்கு ஏற்ற மின்சாரத்தை வெட்டி வெட்டித் தருவது இன்வெர்ட்டர். ஸ்விட்ச் அணைந்தாலும் மோட்டார்ச் சுருளில் ஓடும் மின்சாரம் உடனே நிற்காது. பக்கத்து டையோடு வழியாகச் சுற்றும். ஸ்விட்ச் மறுபடி இயங்கத் தொடங்கிய கணமே அந்த டையோடு அடைபட வேண்டும்.

5 வோல்ட் போன்ற குறைந்த அழுத்தத்துக்கு ஷாட்கி டையோடு மேல். அதில் இப்படித் தேங்கும் கூட்டமே கிடையாது. 600, 1200 வோல்ட்டில் சிலிக்கான் கார்பைடு ஷாட்கி வந்துவிட்டது, விலைதான் கூடுதல். ரிப்பேர் செய்பவருக்கு ஒன்று: 4007 இருந்த இடத்தில் பெரும்பாலும் எஃப்ஆர்107 போடலாம், எஃப்ஆர்107 இடத்தில் யுஎஃப்4007 போடலாம். வேகமானதன் இடத்தில் மெதுவானதைப் போடாதீர்கள்.