தாயின் கைப்பிடியில் ஒரு வலி நிவாரணி

பிரிட்டனில் பிரசவ வலியில் இருக்கும் பெண்ணின் கையில் மருத்துவச்சி ஒரு குழாயைக் கொடுப்பார். அதில் வருவது என்டோனாக்ஸ். நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் பாதிக்குப் பாதி கலந்த வாயு. வலி எழும்போது அவளே உறிஞ்சுவாள், அடங்கியதும் கீழே வைத்துவிடுவாள். வேறு யாரும் அதை அவள் வாயில் வைத்துப் பிடிக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. இந்த முறையின் பாதுகாப்பே அந்த விதியில்தான் இருக்கிறது. மூச்சை உள்ளே இழுத்தால்தான் குழாயின் வால்வு திறக்கும். மயக்கம் கூடினால் கை தளர்ந்து குழாய் நழுவும், வாயு நின்றுவிடும். சில மூச்சுகளில் தெளிவு திரும்பும்.

இந்த இடத்துக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. 1930களில் லிவர்பூல் மருத்துவர் ராபர்ட் மின்னிட் நைட்ரஸ் ஆக்சைடைக் காற்றோடு கலந்து தரும் கருவியை உருவாக்கினார். காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். கலவையில் பாதி நைட்ரஸ் ஆக்சைடு என்றால் தாய்க்குக் கிடைக்கும் ஆக்சிஜன் சுமார் 10 சதவீதம். 1961இல் மருத்துவர் மைக்கேல் டன்ஸ்டால், காற்றுக்குப் பதிலாக ஆக்சிஜனையே சேர்த்து, இரண்டையும் ஒரே சிலிண்டரில் அடைக்கும் வழியைக் காட்டினார். ஆனால் சிலிண்டர் மைனஸ் 6 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்தால் நைட்ரஸ் ஆக்சைடு திரவமாகி அடியில் தங்கத் தொடங்கும். அப்போது முதலில் வருவது வலியைக் குறைக்காது. கடைசியில் வருவதில் ஆக்சிஜன் போதாது. ஆகவே குளிர்ந்த சிலிண்டரை வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, தலைகீழாகப் புரட்டிக் கலந்த பிறகே பயன்படுத்துவார்கள்.

இது வலியை முழுதாகப் போக்காதே என்று கேட்கலாம். உண்மைதான், முதுகில் போடும் எபிடியூரல் ஊசி இதைவிட வலுவானது. சிலருக்கு இந்த வாயுவால் குமட்டலும் தலைசுற்றலும் வரும். ஆனால் எபிடியூரலுக்கு மயக்க மருந்து நிபுணரும் தொடர் கண்காணிப்பும் வேண்டும். வாயுவோ ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்து, நுரையீரல் வழியே விரைவாக வெளியேறிவிடும். முழுப் பலன் கிடைக்கச் சுமார் 50 விநாடி ஆகும் என்பதால், வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திராமல் கருப்பை இறுகத் தொடங்கியதுமே உறிஞ்ச வேண்டும். அந்தத் தொடக்கத்தை முதலில் உணர்பவள் தாய்தான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அவள் வெளிவிடும் வாயு அறையில் தேங்கினால், நாள் முழுக்க அங்கே வேலை செய்யும் மருத்துவச்சிகளுக்குக் கெடுதல். நைட்ரஸ் ஆக்சைடு வைட்டமின் பி12ஐச் செயலிழக்கச் செய்யும், புவியையும் வெப்பமாக்கும். மருத்துவச்சிகளின் பாதுகாப்பு பற்றிய கவலையால் அண்மையில் இங்கிலாந்தின் சில மருத்துவமனைகள் இதைத் தற்காலிகமாக நிறுத்தின. ஸ்வீடனிலோ வெளிவிடும் வாயுவை உறிஞ்சிச் சிதைக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். அதுவே சரியான வழி. காற்றோட்டத்தின் குறையைக் காற்றோட்டத்தில்தான் சரிசெய்ய வேண்டும். அதற்காகத் தாயின் கையில் இருப்பதைப் பிடுங்குவது நியாயமாகாது. எவ்வளவு வலி, எப்போது நிவாரணம் என்று அவளே தீர்மானிக்கும் வாய்ப்பும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.