பாலுக்குள் ஒளிந்திருக்கும் மடிநோய்

மாட்டுக்கு மடி வீங்கவில்லை. காய்ச்சல் இல்லை. பாலும் வெள்ளை வெளேரென்றுதான் இருக்கிறது. ஆனாலும் கறவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. ஏன் தெரியுமா நேயர்களே?

மடிநோய் உள்ளே ஒளிந்திருக்கலாம்! வெளியே எந்த அறிகுறியும் காட்டாத இந்த வகைதான், வீங்கிச் சிவக்கிற மடிநோயைவிட அதிகம் பரவியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். தொழுவத்திலேயே பார்த்துவிடலாம். நான்கு குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. காம்புக்கு ஒரு குழியாகப் பாலைக் கறந்து, அதே அளவு சோதனைத் திரவத்தை ஊற்றி, மெதுவாகச் சுழற்ற வேண்டும். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். நோயுள்ள பாலோ, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று திரண்டுவிடும்.

காரணம் சுவையானது. கிருமி நுழைந்தால் அதை எதிர்க்க ரத்த வெள்ளையணுக்கள் மடிக்குள் திரளும். அந்தச் சோதனைத் திரவம் கிட்டத்தட்ட சோப்புத் தண்ணீர்தான். அது அணுக்களை உடைக்க, உள்ளிருக்கும் டிஎன்ஏ வெளியே வந்து பாலைக் கெட்டியாக்கிவிடுகிறது. எந்தக் காம்பில் கோளாறு என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். 1957-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்த இந்த எளிய சோதனையை இன்னும் யாராலும் ஓரங்கட்ட முடியவில்லை!

ஒன்று மட்டும். கன்று ஈன்ற முதல் சில நாட்களில், சீம்பால் நேரத்தில், இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். நல்ல மடியிலும் பால் திரளும். மற்ற நாட்களில் திரண்டால், நீங்களாக ஊசி போடாமல், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.