சிலிக்கான் உடையாத அளவு

லித்தியம் அயனி பேட்டரியை சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் எதிர்மின்முனைக்குள் புகுந்து தங்குகின்றன. செல்போனோ மின்ஸ்கூட்டரோ ஓடும்போது அவை வெளியேறிவிடுகின்றன. அந்த முனை பெரும்பாலும் கிராஃபைட்டால் ஆனது. அதில் ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்து ஒரே ஒரு லித்தியத்துக்குத்தான் இடம் தரும். கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி, அதற்குமேல் கொள்ளாது.

மணலில் நிறைந்திருக்கும் சிலிக்கானோ நான்கு அணுக்களைக் கொண்டு 15 லித்தியத்தைப் பிடித்துக்கொள்ளும். கிராமுக்கு ஏறக்குறைய 3,600, அதாவது கிட்டத்தட்ட பத்து மடங்கு! ஆனால் அவ்வளவையும் உள்வாங்கும்போது பருமன் மூன்று, நான்கு மடங்காக உப்பிவிடுகிறது; சார்ஜ் இறங்கினால் சுருங்குகிறது. சில சுற்றுகளிலேயே சிலிக்கான் வெடித்துத் தூளாகி, மின்தொடர்பு அறுந்துபோகும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் யி சுய் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. துருப்பிடிக்காத எஃகுத் தகட்டின்மேல் சிலிக்கானை நானோ கம்பிகளாக வளர்த்தார்கள். லித்தியம் ஏறியதும், சராசரியாக 89 நானோமீட்டர் இருந்த கம்பியின் விட்டம் 141 ஆகப் பருத்தது, கம்பி உடையவில்லை. பக்கத்தில் விரிய இடமிருந்தது, அடி தகட்டைவிட்டு அகலவும் இல்லை. பிறகு எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே லித்தியம் ஏற்றிப் பார்த்த வேறு ஆய்வாளர்கள், சுமார் 150 நானோமீட்டருக்குக் குறைவான சிலிக்கான் துகள்கள் விரிசல் விடுவதில்லை என்று 2012இல் கண்டார்கள். விரிசல் பரவ ஆற்றல் வேண்டும். அத்தனை சிறிய துகளுக்குள் அந்த அளவு இறுக்கம் சேர்வதில்லை.

இத்தோடு தொல்லை தீரவில்லை. பொடியாக்கப் பொடியாக்க மேற்பரப்பு பெருகும். அந்தப் பரப்பெங்கும், அயனிகளைச் சுமந்துசெல்லும் மின்பகுளி சிதைந்து படலமாகப் படிகிறது. துகள் உப்பும்போதெல்லாம் படலம் கிழிந்து புதிதாக உருவாகிறது; ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியம் வீணாகிறது.

யி சுய் குழுவே 2014இல் மாதுளம்பழ அமைப்பை முன்வைத்தது. முத்துபோல ஒவ்வொரு நானோ துகளும் தனித்தனிக் கார்பன் ஓட்டுக்குள், உப்புவதற்கு வெற்றிடம் விட்டு வைக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கொத்தாக்கி வெளியே இன்னொரு கார்பன் தோல். மின்பகுளி தோலோடு நின்றுவிடும். ஆயிரம் சுற்றுக்குப் பிறகும் 97 சதவீதக் கொள்ளளவு மிஞ்சியது.

இருந்தும், கடையில் வாங்கும் பேட்டரிகளில் சிலிக்கான் பெரும்பாலும் கிராஃபைட்டோடு சிறிதளவே கலக்கப்படுகிறது. துகளுக்குத் துகள் ஓடு கட்டுவது ஆய்வகத்தில் கிராம் கணக்கில் முடிகிற காரியம். தொழிற்சாலையில் அதையே டன் கணக்கில், கட்டுப்படியாகும் விலையில் செய்ய வேண்டும்.