எக்சிமாவும் வறண்ட தோலின் பராமரிப்பும்

அறிமுகம்

மனித உடலின் மிகப் பெரிய அங்கம் தோல் ஆகும். உடலிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறாது காப்பதும், நோய்க்கிருமிகளும் ஒவ்வாமையை ஏற்படுத்தும் பொருட்களும் உட்புகாது தடுப்பதும் அதன் முக்கிய தொழில்களாகும். இத்தடுப்பு பலவீனமடையும்போது தோன்றும் நோய்களுள் ஒன்றே எக்சிமா. நம்மவர் இதனைக் கரப்பான் என்றும் கிரந்தி என்றும் அழைப்பதுண்டு.

கையிலும் கழுத்திலும் தழும்புள்ள மாணவரின் அருகில் அமர மறுப்போர் சில வகுப்புகளில் இன்றும் உள்ளனர். இது அறியாமையின் விளைவாகும். எக்சிமா ஒரு தொற்றுநோய் அன்று. அசுத்தத்தால் வருவதும் அன்று. தொடுவதாலோ, ஒரே வாங்கில் அமர்வதாலோ, புத்தகங்களைப் பரிமாறுவதாலோ அது பரவாது.

எக்சிமா ஏற்படுவது எவ்வாறு?

மேற்றோலின் வெளிப்படையைச் செங்கற் சுவருக்கு ஒப்பிடலாம். இறந்த தோற்கலங்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையேயுள்ள கொழுப்புப் பொருட்கள் சாந்து. சாந்து குறைந்தால் சுவரில் வெடிப்பு விழுவது போல, கொழுப்புக் குறைந்த தோலினூடாக நீர் வெளியேறும். தோல் வறண்டு, சிவந்து, அரிப்பெடுக்கும்.

இதற்குப் பரம்பரையும் ஒரு காரணமாகும். தோலின் தடுப்புச் சுவரை உருவாக்க உதவும் பிலாக்ரின் எனும் புரதத்துக்குரிய பரம்பரையலகில் ஏற்படும் விகாரம் எக்சிமாவுடன் தொடர்புடையது என்பதை 2006 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். எனினும் எல்லா நோயாளரிடமும் இவ்விகாரம் காணப்படுவதில்லை. ஆஸ்துமா, ஒவ்வாமைத் தடிமன் என்பன உள்ள குடும்பங்களில் எக்சிமா கூடுதலாகக் காணப்படுகின்றது.

அரிப்பினால் சொறிகின்றோம், சொறிவதால் தோல் காயமடைகின்றது, காயமடைந்த தோல் மேலும் அரிக்கின்றது. இதுவே அரிப்பு – சொறிதல் வட்டம் எனப்படும். இவ்வட்டம் இரவில் தூக்கத்தைக் கெடுப்பதால் மறுநாள் படிப்பிலும் கவனம் குறைகின்றது. பரீட்சைக் கால மன அழுத்தம் அரிப்பைக் கூட்டலாம். எனவே பரீட்சைக்குத் தயாராகும் மாணவர் தோல் பராமரிப்பை இடையில் கைவிடக்கூடாது.

நாவுல பிரதேசமும் வறண்ட தோலும்

மாத்தளை மாவட்டத்தில் கண்டி – யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் அமைந்துள்ள நாவுல, மத்திய மலைநாட்டுக்கு வடக்கே, உலர் வலயத்தை அண்டிய பகுதியாகும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சாய்வில் மழையைப் பொழிந்துவிட்டு, இப்பக்கம் வறண்ட காற்றாகவே வந்து சேர்கின்றது. வறண்ட காற்றில் ஆவியாதல் கூடுதலாக நிகழும். ஆகவே இம்மாதங்களில் தோல் விரைவாக உலர்வது இயல்பே.

உலர் வலயத்தின் பல கிணறுகளில் கிடைப்பது வன்னீர் ஆகும். வன்னீரில் சவர்க்காரம் இலகுவில் நுரைக்காது. அதனால் நாம் கூடுதலாகச் சவர்க்காரம் பூசுகின்றோம். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 5 எனும் பீ.எச். பெறுமானமுடைய மென்னமிலத் தன்மையுடையது. சாதாரண சவர்க்காரத்தின் பெறுமானமோ 9 முதல் 10 வரையாகும். இக்காரத்தன்மை தோலின் கொழுப்பை அகற்றி வறட்சியைக் கூட்டுகின்றது.

வியர்வை, புழுதி, வெண்கட்டித் தூள், இறுக்கமான செயற்கை நூல் ஆடை, சலவைத் தூள் மிஞ்சிய சீருடை, வெங்காயம் போன்ற பயிர்களின் சாறு என்பனவும் அரிப்பைத் தூண்டலாம்.

நாளாந்தப் பராமரிப்பு

1. இளஞ்சூட்டு நீரில் அல்லது சாதாரண நீரில் 5 முதல் 10 நிமிடங்களுக்குள் குளித்தல். மிகச் சூடான நீரைத் தவிர்த்தல்.

2. வாசனையற்ற மென்மையான சவர்க்காரத்தை அக்குள், பாதம் போன்ற தேவையான இடங்களுக்கு மட்டும் பயன்படுத்தல்.

3. துவாயால் தேய்க்காது ஒற்றியெடுத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே ஈரப்பதன் காக்கும் களிம்பு பூசுதல். விலை குறைந்த வெள்ளை வசிலின் இதற்குப் போதுமானது. தோல் நன்றாக இருக்கும் நாட்களிலும் இதனைக் காலையும் மாலையும் பூசுதல் வேண்டும்.

4. தூய தேங்காய் எண்ணெயும் பலருக்கு உதவும். பிலிப்பைன்சில் 117 பிள்ளைகளிடம் 8 வாரங்கள் நடத்தப்பட்டு 2014 இல் வெளியான ஆய்வில், கனிய எண்ணெயை விட அது கூடுதல் பயன் தந்தது. மூலிகையோ வாசனையோ கலந்த எண்ணெய் எரிவை ஏற்படுத்தலாம்.

5. நகங்களைக் குட்டையாக வெட்டுதல். அரிக்கும்போது சொறியாது, குளிர்ந்த ஈரத்துணியை அவ்விடத்தில் வைத்தல்.

6. பருத்தி ஆடைகளை அணிதலும், சீருடையையும் காலுறையையும் சவர்க்காரம் போக நன்கு அலசுதலும்.

கவனிக்க: வசிலினும் எண்ணெயும் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். குப்பி விளக்கு, அடுப்பு என்பவற்றின் அருகே அவதானம் தேவை.

மருந்தும் தவறான நம்பிக்கைகளும்

தோல் சிவந்து தடித்திருக்கும் காலத்தில் வைத்தியர் ஸ்டீரொயிட் களிம்பு தருவார். சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய அளவு ஏறத்தாழ அரைக் கிராம் ஆகும். வளர்ந்தவர் ஒருவரின் இரு உள்ளங்கைகளின் (விரல்களுடன்) பரப்புக்கு அது போதும். பயந்து மிகக் குறைவாகப் பூசினால் நோய் அடங்காது. கூறப்பட்ட காலத்துக்கு மேலும் பூசினால் தோல் மெலியும். ஒருவருக்குத் தந்த களிம்பை மற்றவர் பயன்படுத்தலாகாது. உள்ளடக்கம் குறிப்பிடப்படாத வெண்மையாக்கும் கிரீம்களில் ஸ்டீரொயிட்டோ இரசமோ கலந்திருக்கலாம். அவற்றை முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

"கிரந்திச் சாப்பாடு" எனக் கூறி மீன், முட்டை, கத்தரிக்காய் அனைத்தையும் நிறுத்துவது வழக்கம். குறிப்பிட்ட ஓர் உணவு ஒவ்வாதென வைத்தியர் உறுதிசெய்தால் மட்டும் அதனை நிறுத்தினால் போதும். இல்லையேல் வளரும் வயதில் புரதக் குறைபாடே மிஞ்சும்.

எல்லாத் தோல் நோயும் எக்சிமா அன்று

• வீட்டில் பலருக்கு ஒரே காலத்தில், விரலிடுக்குகளில், இரவில் கடும் அரிப்பு – சிரங்கு (சொறி). இது தொற்றும்.
• ஓரம் தடித்த வட்டமான படை – படர்தாமரை. இது பங்கசு நோயாகும். இதுவும் தொற்றும்.
• உணர்ச்சியற்ற, நிறம் குறைந்த தழும்பு – தொழுநோயாக இருக்கலாம்.
• நோவும் அரிப்பும் இன்றி வாரக்கணக்கில் ஆறாத கட்டி அல்லது புண் – மணல் ஈக்களால் பரவும் லீஷ்மேனியாசிஸாக இருக்கலாம். இந்நோய் மாத்தளை மாவட்டத்திலும் பதிவாகின்றது.

இவ்வறிகுறிகள் காணப்பட்டால் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவை நாடுக. அங்கு சிகிச்சை இலவசம். தேவையாயின் தோல் நோய் நிபுணரிடம் அனுப்புவர். எக்சிமா உள்ள தோலில் மஞ்சள் நிறப் பொருக்கு, சீழ், காய்ச்சல், கூட்டமாக எழும் நோவுள்ள கொப்புளங்கள் என்பன தோன்றினால் அன்றே வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும்.

எக்சிமாவை முற்றாக நீக்கும் மருந்து இல்லை. ஆயினும் அது கட்டுப்படுத்தக்கூடியது. வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்தும் விடுகின்றது. நாள் தவறாத பராமரிப்பும், விலக்கி வைக்காத நண்பர்களும் இருப்பின் நோயுள்ள மாணவரும் ஏனையோரைப் போலவே படிக்கவும் விளையாடவும் முடியும்.

பயிற்சி வினாக்கள்

1. எக்சிமா தொற்றுநோய் அன்று எனக் கூறுவதற்கான காரணத்தை விளக்குக.
2. குளித்த உடனேயே, தோல் ஈரமாக இருக்கையில் களிம்பு பூசுவது ஏன்?
3. ஓகஸ்ட் மாதத்தில் நாவுல மாணவி ஒருவரின் முழங்கை மடிப்பில் அரிப்புக் கூடுகின்றது. சூழலுடன் தொடர்பான இரு காரணங்களையும், அவர் எடுக்கவேண்டிய மூன்று நடவடிக்கைகளையும் எழுதுக.

விடைக் குறிப்பு (வினா 2): களிம்பு தோலின் மேல் ஒரு படையாக அமைந்து, தோல் உறிஞ்சிய நீர் ஆவியாவதைக் குறைக்கின்றது. உலர்ந்தபின் பூசினால் காக்கப்படும் நீரின் அளவு குறைவாகும்.