பிறந்த சில மணி நேரத்தில் முதல் பாடம்

பிறந்த குழந்தையால் செய்ய முடிந்தவை கொஞ்சம்தான்: சப்பும், தலையைத் திருப்பும், அழும், கண் சிமிட்டும். அது கற்கிறதா என்று அறிய விரும்பிய ஆய்வாளர்களுக்கு இந்தச் சில செயல்களே போதுமானதாக இருந்தன.

நாய்க்கு உணவோடு ஓர் ஒலியையும் சேர்த்துச் சேர்த்துக் கொடுத்தால், பிறகு அந்த ஒலி கேட்டாலே எச்சில் ஊறும் என்று ரஷ்யாவின் பாவ்லவ் காட்டினார். உளவியல் பாடநூல்கள் இதை ஆக்கநிலையிறுத்தம் என்கின்றன. 1984இல் எலியட் பிளாஸும் உடன் ஆய்வாளர்களும், பிறந்து 2 முதல் 48 மணி நேரமே ஆன குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். நெற்றியை மெல்ல வருடி, உடனே வாயில் சிறிது சர்க்கரைக் கரைசல் விட்டார்கள். பலமுறை இப்படிச் செய்தபின், வருடியதுமே குழந்தைகள் சப்பத் தொடங்கின. அடுத்து வருடலைத் தொடர்ந்து, இனிப்பை மட்டும் நிறுத்தினார்கள். பெரும்பாலான குழந்தைகள் அழுதுவிட்டன. வருடலும் இனிப்பும் தொடர்பில்லாமல் கிடைத்த குழந்தைகள் அப்படி அழவில்லை. ஆக, இனிப்பு நின்றதற்காக மட்டும் வந்த அழுகையல்ல அது. வருடினால் இனிப்பு வரும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்ததால் வந்தது.

தன் செயலுக்கு என்ன பலன் கிடைக்கிறது என்பதையும் குழந்தை கவனிக்கிறது. 1980இல் ஆன்டனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும், பிறந்து 3 நாள்கூட ஆகாத 10 குழந்தைகளுக்குப் பால் வராத ரப்பர் காம்பைச் சப்பக் கொடுத்தார்கள். குழந்தைகள் விட்டுவிட்டுத்தான் சப்பும். இடைவெளி ஒரு விதமாக இருந்தால் தாயின் குரல் ஒலிக்கும்; வேறு விதமாக இருந்தால் இன்னொரு பெண்ணின் குரல். 8 குழந்தைகள் தாயின் குரலைக் கொண்டுவரும் பக்கமாகத் தங்கள் இடைவெளியை மாற்றிக்கொண்டன.

ஆனால் எல்லாப் பாடமும் இவ்வளவு விரைவில் ஏறாது. மணியொலி கேட்டதும் பாலுக்காகத் தலையைத் திருப்பப் பழக, பிறந்த குழந்தைகளுக்குச் சராசரியாக 177 முறை தேவைப்பட்டது. 5 மாதக் குழந்தைகளுக்கு 28 முறையே போதும் என்று பிராகில் ஹனுஷ் பபோஷெக் கண்டார்.

தூக்கமும் கற்றலைத் தடுப்பதில்லை. ஓர் ஒலியை எழுப்பி, அதோடு இமைமேல் மெல்லக் காற்று ஊதினால், தூங்கும் குழந்தையின் கண்கள் பிறகு அந்த ஒலிக்கே அசைகின்றன என்று 2010இல் ஃபைஃபர் குழுவினர் தெரிவித்தார்கள். இவ்வகைக் கற்றலுக்குச் சிறுமூளை அவசியம். எனவே, குழந்தையின் மூளை வளர்ச்சியில் குறை இருந்தால் அதைத் தொடக்கத்திலேயே கண்டறிய இந்த எளிய சோதனை உதவக்கூடும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு.