கேள்வி கேட்க ஒரு நாற்காலி

கேரள எல்லையோரத்தின் இரு போராட்டங்கள், சுதந்திர இயக்குநர் சட்டம் எங்கே நின்றுவிடுகிறது என்பதைக் காட்டுகின்றன

மூணாறு தேயிலைத் தொழிலாளர்கள் கூலிகள் மட்டுமல்ல, பங்குதாரர்களும்கூட. 2005-ல் டாடா டீ தோட்ட நிர்வாகத்தைக் கைவிட்டபோது உருவான கண்ணன் தேவன் நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்களுக்கு வந்தன. பத்தே ஆண்டுகளில் அந்தப் பங்குதாரர்களே சாலையில் உட்கார நேர்ந்தது. 2015 செப்டம்பரில் போனஸ் 10 சதவீதம் என்றதும், 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே அண்டவிடவில்லை. ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின் 20 சதவீதம் கிடைத்தது: 8.33 போனஸ், மீதி கருணைத்தொகை.

பங்கு இருந்தும் பேச்சு எடுபடவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் நிர்வாகத்திடம் கேள்வி கேட்பதற்கென்றே சட்டம் உருவாக்கிய பதவிதான் சுதந்திர இயக்குநர். நிறுவனரின் உறவினராகவோ நிறுவனத்துடன் கொடுக்கல் வாங்கல் உள்ளவராகவோ அவர் இருக்கக் கூடாது. 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் மூன்றில் ஒரு பங்கினர் இத்தகையவர்கள். பெரிய பப்ளிக் லிமிடெட் நிறுவனங்களில் குறைந்தது இருவர். பிரைவேட் லிமிடெட் நிறுவனங்களுக்குக் கட்டாயம் இல்லை. கண்ணன் தேவன் பிரைவேட் லிமிடெட். அத்தகைய நிறுவனத்தில் 200 உறுப்பினர்களுக்கு மேல் கூடாது என்பது விதி. ஆனால் ஊழியர்கள் அந்தக் கணக்கில் சேர மாட்டார்கள்.

பாலக்காட்டின் பிளாச்சிமடையிலும் இதே இடைவெளிதான். 2000-ல் அங்கே ஆலை தொடங்கிய இந்துஸ்தான் கோகோ-கோலா பங்குச் சந்தைக்கு வராத நிறுவனம். கிணறுகள் கெட்டதாகக் கூறி ஆதிவாசிகள் 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கினர். 2004-ல் உற்பத்தி நின்றது. 2010-ல் கேரள அரசின் உயர்மட்டக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011-ல் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

சுதந்திர இயக்குநர்கள் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? 2008 டிசம்பரில் சத்யம் நிறுவனத்தின் மேதாஸ் பேரத்துக்குப் பிரபலமான சுதந்திர இயக்குநர்கள் இருந்த குழுவே பச்சைக்கொடி காட்டியது. 2016 டிசம்பரில் தலைமையுடன் மோதிய நுஸ்லி வாடியாவை டாடா ஸ்டீல் பங்குதாரர்கள் வாக்களித்து நீக்கினர். முதலாளியின் வாக்கு பலத்தில் உட்காருபவர் அவரையே எதிர்த்துப் பேசுவது எளிதல்ல.

இயக்குநர்கள் ஊழியர், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் கருத வேண்டும் என்று அதே சட்டத்தின் 166-வது பிரிவு சொல்கிறது. இந்தக் கடமை பிரைவேட் லிமிடெட் நிறுவனங்களுக்கும் உண்டு. அதை நினைவூட்டும் வெளியாள்தான் அங்கே கட்டாயமில்லை. எத்தனை பேரின் பிழைப்பும் தண்ணீரும் ஒரு நிறுவனத்தை நம்பியிருக்கின்றன என்பதை வைத்து அந்தக் கட்டாயத்தை முடிவு செய்தால், மூணாறும் பிளாச்சிமடையும் கணக்கில் வரும்.